நாலாம் வசனம்

கொக்குவில்,
03.01.2025

கர்த்தருக்குள் அன்பான என் குணலட்சுமிக்கு,

ஆண்டவருடைய கிருபையும் சமாதானமும் உன் வீட்டின்மேல் தங்குவதாக. நான், மகள் வினோஜா, மருமகன் எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் தியாகராசா அண்ணையின் சுகத்தையும் அறிய ஆவல்.

கொஞ்ச நாளாக உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒன்றும் வந்து சேர்வதாகத் தெரியவில்லை. கோல் எடுத்தாலும் மணி அடிக்கிறதில்லை. வினோஜா என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, அவ உங்களை புளொக் பண்ணிப்போட்டா" என்கிறாள். நான் நம்பவில்லை. பள்ளிக்கூட விடுதியில் ஒரே கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள் நாங்கள். உன் போன்தான் பழுதாகியிருக்க வேண்டும். அதனால் பழைய காலத்து ஆட்களைப்போலத் தபாலில் எழுதுகிறேன்.

புதுவருஷ ஆராதனையில் நாங்கள் வாக்குத்தத்த அட்டை எடுப்பது உனக்குத் தெரியும். பெட்டிக்குள் கையை விட்டு ஓர் அட்டை எடுத்தால், அதில் உள்ள வசனம்தான் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் எங்களுக்குச் சொல்கிற வார்த்தை. எனக்கு எடுத்தபின் கண்ணை மூடி, உன் பெயரைச் சொல்லி, உனக்கும் ஒன்று எடுத்தேன். வந்த வசனத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. லாமினேட் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." பிள்ளை கஜானன் போனபின் நீ படுகிற பாட்டுக்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்?

மார்கழியில் நான் வந்தபோது நீ கோயிலுக்குப் போயிருந்தாய். அண்ணைதான் தேத்தண்ணீர் தந்தார். போகும்போது முற்றத்து மூலையைப் பார்த்தேன். அந்த வேப்பமரமும் இல்லை, அதன் அடியில் நின்ற சூலமும் இல்லை. என் உள்ளம் துள்ளியது குணம். அதைப்பற்றி இப்போது அதிகம் எழுதவில்லை. எல்லா மகிமையும் அவருக்கே.

உனக்காக ஓயாமல் ஜெபிக்கும்,
நேசமலர்

இருபத்துமூன்றாம் சங்கீதத்தைத் தினமும் காலையில் வாசி. பயப்படாதே.


புத்தூர்,
14.01.2025

அன்புள்ள நேசத்துக்கு,

உன் கடிதமும் அட்டையும் கிடைத்தன. இன்று பொங்கல். கஜானனுக்கு ஆண்டு முடியாததால் எங்களுக்கு இந்த முறை பொங்கல் இல்லை. அயலுக்குள் எல்லாம் வெடிச்சத்தம். அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

போன் பழுதில்லை. வினோஜா சொன்னது சரி. நான்தான் உன்னைத் தடுத்துவைத்திருக்கிறேன். விடியமுன்னம் ஒரு ரோசாப்பூவும் வசனமும். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரத்தில் ஒரு பாட்டு. மத்தியானம் யாரோ ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிற வீடியோ. இதில் எதையாவது நீ முழுவதும் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாயா என்று எனக்குச் சந்தேகம். ஒருநாள் கஜானனின் படத்துக்குச் செட்டை பூட்டி, மேகத்துக்கு மேலே நிற்கிற மாதிரி ஆக்கி அனுப்பியிருந்தாய். அன்றைக்குத்தான் தடுத்தேன். எங்கள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஏறவே அவனுக்குப் பயம் நேசம். மேகத்தில் என்ன செய்வான்?

இனிமேல் தபாலிலேயே எழுது. கையால் எழுதினால், எழுதுகிறதை நீயே ஒருதரம் வாசிப்பாய். அதற்குப் பிறகும் அனுப்ப மனம் வந்தால் அனுப்பு.

அட்டையை இவர் வாசித்துப் பார்த்துவிட்டு, நல்ல தமிழ் என்று சொல்லி, மகனின் படத்துக்குக் கீழே ஆணி அடித்துக் கொழுவிவிட்டார். அந்த டிப்பர் லொறிக்காரன் அவனை றோட்டில் அடித்துவிட்டுப் போன நாள்தொடக்கம், யார் எது நல்லதாகச் சொன்னாலும் இவருக்குப் போதும். நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் வேப்பமரத்தடியைப் பார்த்து உன் உள்ளம் ஏன் துள்ளியது என்று எனக்கு விளங்கவில்லை. கார்த்திகைக் காற்றுக்கு அந்த மரம் வேரோடு சாய்ந்தது. மரம் தறிக்க வந்தவர்கள் வைரவர் சூலத்தை மிதித்துவிடக் கூடாதென்று இவர் அதைக் கழுவித் துடைத்து, பட்டுத்துணி சுற்றிச் சுவாமி அறையில் வைத்திருக்கிறார். மகனின் ஆண்டு முடிந்ததும் அதே மூலையில் சின்னதாக ஒரு மாடம் கட்டி வைப்போம். இவ்வளவுதான் சங்கதி. இதை விளக்கமாக எழுதுகிறேன். ஏனென்றால் எதையும் பாதி பார்த்துவிட்டு மீதியைத் தானே கட்டி முடிக்கிற பழக்கம் உனக்குப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது.

வினோஜாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
குணம்


கொக்குவில்,
02.02.2025

கர்த்தருக்குள் அன்பான குணத்துக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கண்டேன். என்னைத் தடுத்துவைத்ததை நான் மனதில் வைக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான். அந்தச் செட்டைப் படம் வினோஜா செய்தது. நல்ல மனதோடுதான் செய்தாள்.

மரத்தைப்பற்றி எழுதியிருந்தாய். மரங்கள் சும்மா விழுவதில்லை குணம். எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிற சகோதரர் சிமியோனிடம் சொன்னேன். புரட்டாதியில் என்னோடு உன் வீட்டுக்கு வந்து ஜெபித்தாரே, அவர்தான். மனுஷர் பிடுங்கத் தயங்குவதை ஆண்டவர் காற்றை அனுப்பிப் பிடுங்குவார் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீயும் கொஞ்சம் யோசித்துப் பார்.

வைகாசியில் பெரிய கூட்டம் வைக்கிறோம். மைதானம் பிடித்து, பந்தல் போட்டு, வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதில் எனக்கும் ஒரு சாட்சி சொல்லும்படி பொறுப்புத் தந்திருக்கிறார்கள். ஆயத்தங்களோடு ஓடித்திரிகிறேன். வேறு விசேஷம் இல்லை.

வினோஜா பாட்டுக்குழுவில் முன்வரிசையில் பாடுகிறாள். நீ ஒருமுறை வந்து கேட்க வேண்டும்.

உனக்காக ஓயாமல் ஜெபிக்கும்,
நேசமலர்

"கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள்."


புத்தூர்,
23.02.2025

நேசமலருக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனை வரவில்லை.

முந்தநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு வித்தியா போனும் கையுமாக வந்தாள். "அன்ரி, இது உங்கடை சிநேகிதியெல்லே?" என்று காட்டினாள். நீதான். வெள்ளைச் சேலையும் கையில் மைக்கும். புத்தூரில் ஒரு வீடாம். மகனைப் பறிகொடுத்த பிறகு தாய்தகப்பனுக்குக் கண் திறந்ததாம். தங்கள் கையாலேயே சூலத்தைப் பிடுங்கி எறிந்தார்களாம். இப்போது அந்த வீட்டில் சமாதானம் பாய்கிறதாம். பெயர் சொல்லவில்லையே என்று நீ சமாளிப்பாய். போன வருஷம் மகனைப் பறிகொடுத்து, வளவில் வைரவரும் இருந்து, நீயும் வந்துபோகிற வீடு புத்தூரில் எத்தனை இருக்கிறது?

வித்தியாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. கோயில் பரிபாலன சபையிலிருந்து இரண்டு பேர் வந்து இவரை விசாரித்தார்கள். மகனுக்குக் கொள்ளி வைத்த நாளில்கூட நிமிர்ந்து நின்ற மனிதர். சுவாமி அறையைத் திறந்து, பட்டை அவிழ்த்து, இந்தா இருக்கிறது, இந்தா இருக்கிறது என்று களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவரைப்போலக் காட்டினார். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்பார்கள். மாடு தெரியாமல்தான் மிதிக்கும்.

நீ பேசியது ஜனவரி ஐந்தாம் திகதி, ஞாயிறு என்று அதில் போட்டிருக்கிறது. அப்போது உனக்கு உண்மை தெரியாது. சரி, அவசரம் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வீடியோவை ஏற்றியது மாசியில். அதற்குள் என் பொங்கல் கடிதம் உன் கையில். முதலில் சொன்னது அவசரம். தெரிந்தபின் சும்மா இருந்தது பொய்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்றிரவு ஆத்திரம் தாங்காமல் உன் அட்டையில் போட்டிருந்த அதிகாரத்தைத் தேடினேன். விடுதியில் எனக்கு வேதாகமப் பாடத்துக்குப் பரிசாகத் தந்த புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. யோபு, எட்டாம் அதிகாரம். நீ எடுத்து அனுப்பியது ஏழாம் வசனம். நாலாம் வசனத்தை நீ வாசித்தாயா? இதைச் சொல்கிறது கடவுள் இல்லை. பில்தாத் என்று ஒருவன். பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நாளில் சாகக்கொடுத்துவிட்டுச் சாம்பலில் இருக்கிற தகப்பனுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதன். வந்தவன் சொல்கிறான், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்குத்தான் தண்டனை கிடைத்தது என்று. அப்படிச் சொல்லிவிட்டுத்தான், பரவாயில்லை, உன் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிறான்.

அதை நீ லாமினேட் செய்து அனுப்பினாய். நாங்கள் அதை என் பிள்ளையின் படத்துக்குக் கீழே கொழுவி வைத்திருந்தோம். அட்டையைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் நிற்கிறது.

உன்னுடைய சிமியோன் புரட்டாதியில் எங்கள் முற்றத்தில் நின்று, சூலத்தைக் காட்டி, "சாவு உள்ளுக்கை வந்த வாசல் இதுதான்" என்று சொன்னதை நான் இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லிக்காட்டவில்லை. அவர் முன்பின் தெரியாதவர். நீ பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் என்றாய். எனக்குக் கேட்டது நேசம். கஜானன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவனை முதலில் கையில் வாங்கியது நீ.

வைகாசிக் கூட்டத்தில் என்ன சாட்சி சொல்லப்போகிறாய் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. எந்த வாயால் சொன்னாயோ அந்த வாயால், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் அதைத் திருத்து. திருத்தாவிட்டால் எங்கள் படலைப் பக்கம் வராதே. கடிதமும் வேண்டாம்.

குணலட்சுமி


கொக்குவில்,
05.03.2025

குணலட்சுமிக்கு,

ஸ்தோத்திரம். இன்று சாம்பல் புதன். கோபத்தோடு தவக்காலத்தைத் தொடங்கக் கூடாதென்று இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இதுவும் கோபமாகத்தான் வருகிறது.

சைவக்காரியான நீ எனக்கு வேதம் படிப்பிக்கிறாயா? வேதாகமப் பாடத்தில் நீ முதலாவது வந்தாய், ஓம். நான் இரண்டாவது. நாற்பது வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாய். பாடமாக்கி வந்த புள்ளிக்கும் விசுவாசத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

வசனம் வசனம்தான். யார் வாயால் வந்தாலும் வேதத்துக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் கை விட்டது நான், எடுத்துத் தந்தது அவர். அதில் உன் நாலாம் வசனத்துக்கு என்ன வேலை? சந்தோஷமான ஒரு வார்த்தையை அனுப்பினால் அதற்குள் முள்ளுத் தேடுகிறாய்.

வீடியோவை ஏற்றியது நான் இல்லை. கழற்றச் சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை. அண்ணையின் மனம் நொந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்டு எத்தனை பேர் கண்ணீர் விட்டார்கள் தெரியுமா? அதையும் நினைத்துப் பார்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
நேசமலர்

"ஒருவனும் தொடராதிருந்தும் துன்மார்க்கர் ஓடிப்போகிறார்கள்." இது உனக்கில்லை. இன்றைய தியான வசனம்.


புத்தூர்,
15.03.2025

நேசமலருக்கு,

இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு காரியம் எழுதவைக்கிறது.

உன் ஆத்திரத்தைக் கிளப்பத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். எடுத்ததைக் கீழே வைக்க முடியவில்லை. தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு, வரம்பில் இருந்து, யோபின் நாற்பத்திரண்டு அதிகாரத்தையும் வாசித்து முடித்தேன். இவர் வந்து, என்ன வேதக்காரியாகப் போகிறாயோ என்று கேட்டார். இல்லை, ஒருவன் சண்டை பிடிக்கிறான், முடிவு என்னவென்று பார்க்கிறேன் என்றேன்.

உங்கள் வேதத்தில் இப்படி ஒரு மனிதன் இருக்கிறான் என்று எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? நான் பிறந்த நாள் அழிந்துபோகட்டும் என்கிறான். கடவுளே, என்னோடு வழக்குக்கு வா என்று கூப்பிடுகிறான். நான் ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைத்துவிட்டு வைரவரோடு கதைக்கிற கதை எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்து அவன் சொல்கிறான், "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்." உன் வாட்ஸ்அப் குழுவுக்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது.

கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. கத்தினவன்மேல் இல்லை. அழகழகாகப் புத்தி சொன்ன மூன்று பேர்மேல்தான். யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். வசனம் யார் வாயால் வந்தாலும் வசனம்தான் என்று எழுதினாயே, கடவுளுக்கே அந்த எண்ணம் இல்லை.

என்னை நம்ப வேண்டாம். நீயே முதலிலிருந்து வாசி. வாசித்துவிட்டு எழுது. வாசிக்காமல் எழுதினால் கடிதத்தை உடைக்காமல் திருப்பி அனுப்புவேன்.

குணலட்சுமி


கொக்குவில்,
21.04.2025

அன்பான குணத்துக்கு,

ஸ்தோத்திரம். நேற்று உயிர்ப்பு ஞாயிறு. தவக்காலம் முழுக்க வாசித்தேன். உன்னைப் பிழை பிடிக்கத்தான் தொடங்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

என் வேதாகமத்தை நீ கண்டிருக்கிறாய். மஞ்சளும் பச்சையுமாக மையால் நிறம் தீட்டி வைத்திருப்பேன். அதைப் பார்த்து எல்லோரும், அக்கா எவ்வளவு வாசிக்கிறா என்பார்கள். யோபைத் திறந்தால் எட்டாம் அதிகாரத்தில் ஏழாம் வசனத்துக்கு மட்டும் மஞ்சள். அதற்குப் பிறகு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பொன்விளிம்பு பிரியவே இல்லை. நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வெட்கமாக இருந்தது குணம்.

நாலாம் வசனத்தை வாசித்தபோது உன் முற்றம்தான் கண்ணுக்குள் நின்றது. சிமியோன் அந்த வார்த்தையைச் சொன்னதும், நான் ஆமென் சொன்னதும். நீ குசினி வாசலில் நின்றாய். உனக்குக் கேட்டிருக்காது என்று இவ்வளவு நாளும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகு வாக்குத்தத்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அட்டை அட்டையாக எடுத்து வேதத்தோடு வைத்துப் பார்த்தேன். நல்ல வசனங்கள்தான் அதிகம். ஆனால் "நீ செவிகொடுத்து நடந்தால்" என்று வருகிற பாதியை வெட்டிவிட்டு, "ஆசீர்வதிப்பேன்" என்கிற பாதியை மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அதைத்தான் எடுத்து நாங்கள் கண்ணீர் விட்டிருக்கிறோம்.

சகோதரர் சிமியோனிடம் போய், சாட்சியைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "அக்கா, எழுத்து கொல்லும், ஆவிதான் உயிர்ப்பிக்கும். கனக்கத் துருவாதேங்கோ" என்றார். முன்பென்றால் அதற்கும் ஆமென் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து அந்த வசனம் வருகிற அதிகாரத்தையும் முழுவதும் வாசித்தேன். அதற்கும் பொய்யைத் திருத்தாமல் விடுவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு இப்போது ஒரு வியாதி பிடித்திருக்கிறது. யார் எந்த வசனத்தைச் சொன்னாலும் முன்னும் பின்னும் போய்ப் பார்க்காமல் நித்திரை வருவதில்லை. சபையில் என்னைக் கண்டால் ஆட்கள் விலகிப் போகிறார்கள்.

வைகாசிக் கூட்டத்தில் திருத்திச் சொல்வேன். சொல்லாவிட்டால் வேதத்தைத் தொட எனக்கு முகமில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. வினோஜா பாட்டுக்குழுவில் நிற்பாள். அவளுக்கு அந்தக் குழுதான் உலகம். அவள் என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவாளோ என்றுதான்.

நேசம்

யாத்திராகமம் இருபது, பதினாறு. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. முன்னும் பின்னும் வாசித்துவிட்டேன்.


புத்தூர்,
30.04.2025

நேசத்துக்கு,

செய்துவிட்டு எழுது. செய்யப்போகிறேன் என்கிற கதையைக் கேட்டு எனக்குக் களைத்துவிட்டது.

குணம்


கொக்குவில்,
26.05.2025

அன்பான குணத்துக்கு,

சொல்லிவிட்டேன். நினைத்த மாதிரி நடக்கவில்லை.

மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறினேன். எழுதிக் கொண்டுபோனதை வாசிக்கக் கண்ணாடி இல்லை, இருந்த கதிரையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். வாயில் வந்ததைத்தான் சொன்னேன். "போன தை மாசம் நான் சொன்ன சாட்சி பிழை. அந்த வீட்டிலை ஒருத்தரும் சூலத்தைப் பிடுங்கேல்லை. மரம் காத்துக்கு விழுந்தது. அவை சூலத்தைப் பத்திரமா உள்ளுக்கை வைச்சிருக்கினம். அது எனக்குத் தெரிஞ்ச பிறகும் நான் வாய் திறக்கேல்லை. அது பொய்ச்சாட்சி."

அதற்கு மேலும் சொல்ல இருந்தது. சிமியோன் வந்து என் தோளில் கை வைத்து மைக்கை வாங்கினார். சகோதரி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறா, அவவுக்காக எல்லோரும் கைகளை உயர்த்துங்கள் என்றார். உடனே பாட்டுத் தொடங்கிவிட்டது. ட்ரம்ஸ் சத்தத்தில் முன்வரிசைக்கு அப்பால் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. என் மகளும் பாடினாள் குணம். என் முகத்தைப் பார்க்காமல் பாடினாள்.

எனக்கு வந்த விசர்க்கோபத்தை எழுத முடியாது. தை மாதம் நான் சொன்ன பொய்யை எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வந்தால் பாட்டுப் படிக்கிறார்கள். கீழே இறங்கிப்போய், தேத்தண்ணீரும் பற்றிஸ் பலகாரமும் கொடுக்கிற வாசலில் நின்றேன். வெளியே வந்தவர்களில் அகப்பட்டவர்களை மறித்து ஒவ்வொருவராகச் சொன்னேன். சிலர் நான் ஏதோ விற்கிறேன் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சிலர் நின்று கேட்டார்கள். பந்தல் வெறுமையாகும்வரை நின்றேன்.

வீடியோவை எடுத்துவிட்டார்கள். என்னையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஒழுங்கை முடிவில் இருக்கிற எங்கள் பழைய வேதக்கோயிலுக்குப் போகிறேன். பிரசங்கத்தில் நித்திரை வரும். ஆனால் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கிறார்கள். வினோஜா சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். அவளைப் பெற்றது நான்தானா என்று தோன்றுகிறது. அழுகிறேன், பிறகு எழும்பிச் சோறு சாப்பிடுகிறேன்.

யோபின் கடைசி அதிகாரத்தில் நீ எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த மூன்று பேரும் யோபிடமே போக வேண்டும், அவன் அவர்களுக்காக வேண்டிக்கொள்வான் என்று கடவுள் சொல்கிறார். மன்னிப்புக்கூட அவன் வழியாகத்தான். எனக்காக நீ வேண்டிக்கொள்வாயா? யாரிடம் என்பது உன் இஷ்டம். அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ கூப்பிடாமல் நான் வரமாட்டேன்.

நேசம்

மத்தேயு ஐந்து, இருபத்துமூன்றும் இருபத்துநாலும். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது. இது எனக்கு, உனக்கில்லை.


புத்தூர்,
27.07.2025

அன்புள்ள நேசத்துக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் தை மாதம் நீ மைக்கில் சொன்ன மாதிரி ஆகிவிடும். பாதி போயிருக்கிறது. மீதி எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது.

வித்தியாவின் தமக்கை அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தாளாம். கண்ணாடி இல்லாமல் ஒரு மனுஷி வாசலில் நின்று, வாறவன் போறவனை எல்லாம் மறித்து, சூலம் உள்ளே இருக்கிறது, சூலம் உள்ளே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னாளாம். அதை ஊர் முழுக்கச் சொல்லும்படி வித்தியாவிடம் நானே சொன்னேன். அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் சபைக்காரரும் வந்து இவரோடு கதைத்துவிட்டுப் போனார்கள்.

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். பற்றிஸ் கொடுக்கிற வாசல் வந்த இடத்தில் சிரித்தார். மகன் போனபின் இவர் சிரித்து நான் கேட்கவில்லை. பிறகு, "பாவம் நேசம், அவ ஒரு தேத்தண்ணியாவது குடிச்சாவோ?" என்று கேட்டார். இவரின் முகத்தைப் பார்க்க நீ வெட்கப்படத் தேவையில்லை. எனக்கு வெட்கப்படு, போதும்.

நீ கேட்டபடி வேண்டிக்கொண்டேன். வைரவருக்கு உன் பெயரில் ஒரு வடைமாலை சாத்தினேன். உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நீ இவ்வளவு பாடுபட்டு உண்மை பேசப் பழகியிருக்கிறாய், நான் மறைப்பது சரியில்லை. வினோஜாவுக்காகவும் இரண்டு வடை கூடக் கோத்தேன். வருவாள். உன் பிடிவாதம்தான் அவளுக்கும்.

ஓகஸ்ட் பதினேழு, ஆவணி முதலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கஜானனின் ஆட்டைத்திவசம். உனக்கு அன்றைக்கு ஆராதனை என்று தெரியும். அதனால் வா என்று கட்டாயப்படுத்தவில்லை.

வந்தால் ஒன்று. அந்த மூன்று சிநேகிதரையும் நான் எவ்வளவோ திட்டினேன். பிறகு திரும்ப இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசித்தேன். வந்தவுடன் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். அவன் துக்கம் மகா கொடிய துக்கம் என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், அவனோடு தரையில் இருந்திருக்கிறார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

எனக்கு அப்படி ஒருவர் வேண்டும் நேசம். இந்த ஒரு வருஷமும் எல்லோரும் வந்து கதைத்துவிட்டுப் போனார்கள். சைவக்காரர் விதி என்றார்கள், நீங்கள் வாசல் என்றீர்கள். ஒருவரும் சும்மா இருக்கவில்லை.

படத்துக்கு முன்னால் பாய் போட்டு வைப்பேன். அந்த ஆணியில் ஒன்றும் கொழுவ வேண்டாம், ஒன்றும் கொண்டுவரவும் வேண்டாம். வந்து என் பக்கத்தில் இரு. வாயைத் திறந்தாயோ, அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவேன்.

குணம்


கொக்குவில்,
02.08.2025

குணம்,

வாறன்.

நேசம்